நாற்பத்திரண்டு சதவீதம்

ராஜபாளையம் தென்காசி சாலையில் உள்ள அந்த ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களிடம், "ஒடம்புல இரும்பு, வெள்ளி, தாயத்து எதும் இருக்கா?" என்று கேட்டால், அத்தனை பேரும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். பதினோரு வருடமாக இந்த "ஒண்ணுமில்ல"யைக் கேட்டுக் கேட்டு டெக்னீஷியன் மாரிச்செல்விக்குக் காது புளித்துவிட்டது. ஒண்ணுமில்லை என்றவர் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருக்கும். அதைக் கழற்றி வாங்கினால் கழுத்தில் தாயத்து இருக்கும். போன மாதம் ஓர் அம்மா ஜாக்கெட்டில் ஆறு ஊக்கு குத்திக்கொண்டு மெஷின் வாசல்வரை வந்துவிட்டு, "ஊக்கெல்லாம் ஒரு இரும்பா தாயி?" என்று கேட்டாள். எம்ஆர்ஐ மெஷின் என்பது ஆள் உயரக் காந்தம், அது ஊக்கு என்றும் பார்க்காது, குலதெய்வத்துத் தாயத்து என்றும் பார்க்காது என்பதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

அதனால் அவள் யாரையும் நம்புவதில்லை. வாயால் கேட்பாள், பிறகு கையால் தடவிப் பார்ப்பாள். தலைமுடிக்குள் விரலை விட்டு, காது மடலுக்குப் பின்னால், பிடரி, கழுத்து என்று வரிசையாகச் சோதிப்பாள். எண்ணெய் வடியும் தலை, பேன் தலை, மொட்டைத் தலை எல்லாம் அவள் கைக்கு ஒன்றுதான். சோதனைத் தாளில் பதினான்கு கட்டம். பதினான்கிலும் டிக் விழுந்தால்தான் ஆள் உள்ளே போக முடியும்.

போன தை மாதம் சென்டருக்கு ஏஐ வந்தது. மெஷின் பழசு, புது மெஷின் வாங்க முதலாளிக்கு மனமில்லை, அதனால் பழைய மெஷினின் தலையில் புது மூளையை ஏற்றிவிட்டார். அரைமணி நேரம் அசையாமல் படுக்க வேண்டிய ஸ்கேன் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மெஷின் கால்வாசிப் படம்தான் எடுக்கும், மீதியை ஏஐ ஊகித்து நிரப்பிக்கொள்ளும். புள்ளியும் மங்கலுமாக வருவதைத் துடைத்துப் பளிச்சென்று தரும். மூளையில் கட்டி இருந்தால் அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, பழைய படத்தோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறது என்றும் சொல்லிவிடும். மாரிச்செல்வி முதலில் முகம் சுளித்தாள். பிறகு கான்சாபுரத்து டீச்சர் ஒருவர் தலையில் மிளகு அளவுக் கட்டியை, மதுரை டாக்டர் கண்ணுக்கே தப்பியதை, அது காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை.

திங்கட்கிழமை காலை அவளுடைய தாய்மாமன் தங்கப்பாண்டியன் மகள் யுவராணியோடு வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வன்னியம்பட்டி. இரண்டு வருடம் முன்பு அவர் தலையின் இடது பக்கத்தில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முழுவதும் எடுக்க முடியவில்லை. மிச்சம் கிடந்தது பேச்சும் வலது கையும் இயங்கும் இடத்தை ஒட்டி இருந்ததால், "இதைத் தோண்டினால் பேச்சு போகலாம், கை விழலாம். வளராமல் இருக்கும்வரை தொட வேண்டாம்" என்று டாக்டர் ஆவுடையப்பன் தைத்து அனுப்பிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இதுவரை மூன்றிலும் வளர்ச்சி இல்லை. இது நான்காவது.

மாமா அன்றைக்கு வந்த கோலமே தனி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, கன்னங்கரேல் என்று வாரிய தலை.

"என்ன மாமா, டை அடிச்சிருக்கீகளா? மாப்பிள்ளை உங்களுக்கா, யுவராணிக்கா?"

"நேத்து பொண்ணு பாக்க வந்தாகல்லா, அதான். அம்புட்டு பேரு முன்னாடி நரைச்ச தலையோடயா உக்காருறது?" என்றார் மாமா. யுவராணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"அரைஞாண், தாயத்து, பல்லு செட்டு எதும் இருக்கா?"

"ஏட்டி, ஆர்மியில இருவது வருசம் இருந்தவன்ட்ட சோதனையா? எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் வாரேன். ஒண்ணுமில்ல."

அவள் சிரித்துக்கொண்டே பதினான்கு கட்டத்திலும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டாள்.

ஒன்பது நிமிடத்தில் ஸ்கேன் முடிந்தது. அடுத்த மூன்று நிமிடத்தில் திரையில் சிவப்புக் கோடு வந்தது. பக்கத்தில் எண் வந்தது. நாற்பத்திரண்டு சதவீத வளர்ச்சி. மாரிச்செல்வி அந்த எண்ணை மூன்று தரம் படித்தாள். மாமாவிடம், "டாக்டர் பாத்துச் சொல்லுவாக" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, ஓய்வறையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மதுரையில் இருந்து ஆவுடையப்பன் பேசினார். வளர்ந்திருக்கிறது, இனி காத்திருக்க முடியாது, வியாழக்கிழமை வந்து சேரட்டும், வெள்ளி காலை ஆபரேஷன் என்றார். பேச்சு என்ன ஆகும் என்று அவள் கேட்டதற்கு, "முயற்சி பண்ணுவோம்மா" என்றார். டாக்டர்கள் முயற்சி என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது பதினோரு வருடம் சென்டரில் இருப்பவளுக்குத் தெரியாதா?

மாமா வீட்டுக்குச் சேதி சொன்னாள். அன்று பத்து மணிக்குள் மாமாவின் மனைவி குருவம்மாள் அத்தை ஐந்து முறை போன் செய்துவிட்டாள். முதல் போனில் அழுதாள். இரண்டாவதில், "ஒங்க மெஷினு சரியில்லையோ என்னவோ" என்றாள். மூன்றாவதில் தன் தங்கையிடம் போனைக் கொடுத்தாள், அவளும் அழுதாள். நான்காவதில், "மாப்ள வீட்டுக்குத் தெரியாம ஆபரேஷன் பண்ண முடியுமாட்டி? ஊட்டிக்குப் போயிருக்காகன்னு சொல்லிக்கிடலாமா?" என்று கேட்டாள்.

"தலையில கட்டோட வருவாகளே அத்தை, ஊட்டியில என்ன, யானை மிதிச்சிருச்சுன்னு சொல்லுவீகளா?"

"கோவப்படாதட்டி. அவிய பெரியப்பா கடை ஒங்க சென்டருக்கு எதுத்தாப்லதான் இருக்கு. தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சு போகும்லா?"

ஒரு மனுஷர் பேச்சை இழக்கப் போகிறார், இவர்களுக்கு எதிர்க்கடைக்காரர் என்ன நினைப்பார் என்பதுதான் கவலை. ஐந்தாவது போனை அவள் எடுக்கவில்லை.

எரிச்சலை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அவள் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டாள். மாமா தலையில், எலும்பை மூடிய இடத்தில், சின்னச் சின்னத் திருகாணி நான்கு உண்டு. அவை டைட்டானியம், மெஷினுக்கு ஆபத்தில்லை. படத்தில் மட்டும் மிளகு அளவுக்குக் கறுப்பாகத் தெரியும். போன மூன்று ஸ்கேனிலும் அப்படித்தான் இருந்தது. இந்த முறை அந்தக் கறுப்பையே காணோம். மண்டைத் தோலின் ஓரம் வழித்துவிட்டது போல வழவழவென்று இருந்தது. அது அழகாக இருந்ததுதான் அவளுக்கு உறுத்தியது. திருகாணி எங்கே போகும்? மாமா என்ன, அதைக் கழற்றி வைத்துவிட்டா வந்தார்?

ஏஐ துடைப்பதற்கு முந்தைய படத்தைப் பார்த்தாக வேண்டும். கம்பெனி இன்ஜினியர் விக்னேஷ்வரனுக்குப் போன் போட்டாள். பெங்களூரில் இருந்துகொண்டு, இருபத்தாறு வயதில், எதற்கும் பதற்றப்படாத பையன்.

"மேடம், ஒரிஜினல் இமேஜ் டாக்டருக்குப் போகாது. கன்ஃபியூஷன் ஆகும்னு ஆஃப் பண்ணி வச்சிருக்கோம்."

"எனக்குக் கன்ஃபியூஷன் ஆனாப் பரவால்ல. அது எங்க இருக்கு?"

"கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க மேடம். நாற்பத்தெட்டு மணி நேரத்துல ரெஸ்பான்ஸ் வரும்."

"அது மெஷின்ல எம்புட்டு நேரம் இருக்கும்?"

"நாற்பத்தெட்டு மணி நேரம் மேடம். அப்புறம் ஆட்டோமேடிக்கா டெலீட் ஆயிரும்."

"தம்பி, நீங்க பதில் சொல்ற நேரத்துல அது அழிஞ்சு போகும். எங்க மாமாவை வெள்ளிக்கிழமை வெட்டப் போறாங்க. இப்ப நீங்க லைன்லயே இருந்து எங்க இருக்குன்னு சொல்லுதீங்களா, இல்ல நான் பஸ் ஏறி பெங்களூருக்கு வாரவா?"

அவன் சொன்னான். எட்டு நிமிடம் ஆனது. இத்தனைக்கும் இரண்டு பொத்தான்தான்.

திரையில் ஒரிஜினல் வந்தது. மங்கலும் புள்ளியுமான பழைய வகைப் படம். இடது பக்கம் மண்டை ஓரத்தை எலி கடித்தது போலக் காணோம். மிளகு அளவு இருந்த கறுப்பு, உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, அதன் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகக் கோணி, கட்டி இருந்த இடத்தைப் பிடித்து இழுத்திருந்தது. ஏஐ அந்தக் கோணலைக் கட்டி என்று எடுத்துக்கொண்டு, கடிபட்ட ஓரத்தை, 'மண்டை என்றால் இப்படித்தானே இருக்கும்' என்று தானே நிரப்பிவிட்டிருந்தது. பார்க்கக் குறையே இல்லாத ஒரு படம். டாக்டர் எதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்?

இரும்பு. மாமா தலையில் இரும்பு இருந்திருக்கிறது. நிம்மதி வருவதற்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆவுடையப்பனிடம் சொன்னாள். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம். ஆனா இரும்புக்கு அடியில நிஜமாவே வளர்ந்திருந்தா? காரணத்தைக் கண்டுபிடிச்சு நாளைக்கு மறுபடியும் எடுங்க. அதுவரைக்கும் அட்மிஷனை நான் கேன்சல் பண்ண மாட்டேன்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மாரிச்செல்வியின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குள்கூடப் போகாமல், வாசலில் நின்ற ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டிக்கு விட்டாள். மாமா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயும் அதே கன்னங்கரேல் தலை. அத்தை பைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, தலையில என்ன?"

"என்ன? ஒண்ணுமில்லையே."

"இந்த ஒண்ணுமில்லங்கிற பேச்சை இனிமே என்கிட்ட யாரும் பேசக் கூடாது. தலையில என்ன போட்டிருக்கீக?"

"டைதான்" என்றாள் அத்தை.

"டைக்கு இப்படி ஆகாது. யுவராணி, நீ சொல்லுட்டி."

யுவராணி உள்ளே போய் ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தாள். முடி இல்லாத இடத்தை மறைக்கும் பொடி. ஆபரேஷன் தழும்பில் முடி முளைக்கவில்லை, இடது பக்கம் ஒரு குழியும் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அது பட்டால் என்ன, ஏது என்று கேட்பார்கள். நோய் உள்ள வீடு என்று சம்பந்தம் பேச மாட்டார்கள். அதனால் போனில் ஆர்டர் போட்டு வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் குனிய வைத்து, சல்லடையில் மாவு சலிப்பது போலத் தூவியிருக்கிறாள். சென்டருக்கு எதிர்க்கடை மாப்பிள்ளை பெரியப்பாவுடையது என்பதால் திங்கட்கிழமை காலையில் இன்னொரு கை தூவியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அக்கம்பக்கத்தார் வருவார்கள் என்று இன்னொன்று.

மாரிச்செல்வி டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். நான்காவது பெயர் அயர்ன் ஆக்ஸைடு.

"இது இரும்புச் சாயம் மாமா! இரும்பைத் தலையில அப்பிக்கிட்டு வந்து காந்தத்துக்குள்ள படுத்திருக்கீக!"

"பொடிதானட்டி?" என்றாள் அத்தை. "பொடியெல்லாம் ஒரு இரும்பா?"

மாரிச்செல்வி அத்தையையே பார்த்தாள். "இல்லாத வளர்ச்சிக்கு வெள்ளிக்கிழமை இவரு மண்டையைத் தொறந்திருப்பாக. பேச்சு போயிருக்கும். பொறவு கல்யாணத்துல மாப்ள வீட்டுக்கு வணக்கம் யாரு சொல்லுவா? ஊட்டியில விட்டுட்டு வந்துட்டோம்னு சொல்லுவீகளா?" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாமா டிவியை அணைத்தார். "நீ கேட்டது தாயத்து, அரைஞாண். பொடி இருக்கான்னு நீ கேக்கலயே?" என்றார் நிதானமாக. அவள் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மூவரும் சென்டருக்கு வந்துவிட்டார்கள். வீட்டிலேயே இரண்டு தடவை தலைக்குக் குளித்தாயிற்று என்றார் மாமா. அவள் நம்பவில்லை. பின்பக்கக் குளியலறையில் ஸ்டூலைப் போட்டு, அவரை உட்கார வைத்துக் குனியச் சொன்னாள். ஷாம்புவைக் கையில் ஊற்றிக்கொண்டு தலைக்குக் கொண்டுபோனவள், ஒரு கணம் அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமை அவள் இந்தத் தலையைத் தொடவில்லை. வருகிறவர் போகிறவர் தலையெல்லாம் தடவுகிறவள், இவர் தலையை மட்டும் தடவாமலே அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்கு முதல் மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். கல்யாணத்தன்று காலில் விழுந்தபோது அவர் கைதான் அவள் தலையில் பட்டது. அவள் கை ஒருநாளும் அவர் தலையில் பட்டதில்லை. மாமா தலையில் கை வைப்பதா என்று கூச்சம். யோசித்துக்கூடச் செய்யவில்லை, கை தானாக நின்றுவிட்டது. ஒரு தடவை விரலை விட்டிருந்தால் கறுப்பு கையோடு வந்திருக்கும். நேற்று முழுக்க ஏஐயைத் திட்டினாள், விக்னேஷ்வரனைத் திட்டினாள், அத்தையைத் திட்டினாள். அந்தப் பட்டியலில் தன் பெயரை மட்டும் விட்டுவிட்டாளே.

கையை வைத்தாள். முதல் தண்ணீர் மை போல ஓடியது. இரண்டாவது பழுப்பாக ஓடியது. விரலுக்கு அடியில் திருகாணிகள் தட்டுப்பட்டன. அந்தக் குழியில் பெருவிரல் அளவாகப் பதிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார். ஆறாவது தண்ணீர் வெள்ளையாக ஓடும்வரை அவள் விடவில்லை.

"வலிக்குதா மாமா?"

"இல்ல. பயமா இருக்குட்டி" என்றார். "நேத்துல இருந்தே பயமாத்தான் இருக்கு. பேச்சு போயிட்டா, யுவராணி கழுத்துல தாலி ஏறயில வாழ்த்தக்கூட முடியாதுல்லா."

இந்த முறை அவள் ஒன்பது நிமிட வழியில் போகவில்லை. ஏஐ இல்லாமல், பழையபடி அரைமணி நேரம் முழுசாக எடுத்தாள். படம் வந்தது. கடிபட்ட ஓரம் இல்லை. நான்கு திருகாணிக்கு நான்கு மிளகு. அதற்குப் பிறகுதான், அதே முழுப் படத்தை ஏஐயிடம் கொடுத்தாள். அது தன் வேலையைச் செய்தது, சிவப்புக் கோடு போட்டது, எண் சொன்னது. ஒரு சதவீதம். பக்கத்திலேயே, 'அளவுப் பிழைக்கு உட்பட்டது' என்றும் போட்டது.

படத்தை மதுரைக்கு அனுப்பிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் இருபது நிமிடத்தில் கூப்பிட்டார். "வளர்ச்சி இல்லைம்மா. அட்மிஷன் கேன்சல். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

"சார், தலையைத் தொட்டுப் பாக்காம டிக் போட்டது நான்தான்."

"அதை எழுதிக் கொடுங்க. கம்பெனிக்கும் எழுதுங்க, ஒரிஜினலையும் எனக்கு அனுப்பச் சொல்லி" என்றார்.

வெளியே வந்து மூவரிடமும் சொன்னாள். அத்தை பெஞ்சிலேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். யுவராணி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மாமா ஈரத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, துண்டைத் தலையில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டார். தழும்பும் குழியும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன.

"எங்க போறீக?" என்றாள் அத்தை பதறி.

"எதுத்த கடைக்கு. சம்பந்திட்ட நானே சொல்லிட்டு வாரேன். பேச்சு இருக்கும்போதே சொல்லிருவோம்." இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி மாரிச்செல்வியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் பழைய ஹவில்தார். "ஏட்டி மாரி, அன்னைக்கே தலையத் தொட்டுப் பாத்திருந்தா இம்புட்டும் இல்லல்லா?"

கையில் இருந்த ஷாம்பு பாட்டிலை அவர்மேல் எறியலாம் போல இருந்தது அவளுக்கு. மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் அலைந்தவளுக்கு இதுதான் பாராட்டு! ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை. அவர் சாலையைக் கடந்து கடைப் படியேறும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து சோதனைத் தாளை எடுத்தாள். பதினான்காவது கட்டத்துக்குக் கீழே பேனாவால் பதினைந்தாவது கட்டம் ஒன்று வரைந்து, எழுதினாள்: தலையைத் தொட்டுப் பார்த்தது. சொந்தக்காரராக இருந்தாலும்.